'ஈ' என்றால் பாஸா, பெயிலா? பல்கலைக்கழகப் பெறுபேற்றை வாசிப்பதும் ஒரு பாடம் தவறினால் செய்ய வேண்டியதும்

வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு தாய். மகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். முதல் செமஸ்டர் பெறுபேறு வந்திருந்தது. மகள் அனுப்பிய படத்தைக் கைபேசியில் காட்டிக் கேட்டார்:

"மனே, நீங்க படிச்ச ஆள்தானே. இதில ஒரு பாடத்துக்கு 'ஈ' எண்டு கிடக்கு. உயர்தரத்தில பெயில் எண்டா 'எஃப்' தானே போடுவாங்க? அப்ப 'ஈ' எண்டா பாஸ்தானே?"

"மகள் என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்டும் சொல்லல்ல. படத்த அனுப்பிப்போட்டு போனை நிப்பாட்டிட்டா."

அந்தத் தாய்க்கு அன்று பஸ்ஸில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதுகிறேன். பெறுபேற்றுத் தாளை வீட்டில் யாரும் வாசித்துச் சொல்ல முடியாத குடும்பங்களுக்காகவும், போனை நிறுத்திவிட்டு விடுதி அறையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும் இது.

ஒரு எழுத்துக்கு ஏன் இவ்வளவு பாரம்?

வாகரை, கதிரவெளி, பால்சேனை, பனிச்சங்கேணி போன்ற ஊர்களை உள்ளடக்கியது கோறளைப்பற்று வடக்குப் பிரதேசம். 2004 சுனாமி இந்தக் கரையை அடித்தது. 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்ததில் 40 பேருக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்திடம் வீழ்ந்தபோது ஊர் மொத்தமாக முகாம்களில் இருந்தது. இன்று பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளில் பலர் அந்த வருடங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய பெற்றோரில் பலருக்குப் படிப்பு இடையிலேயே நின்றுபோனது.

கிழக்குப் பல்கலைக்கழகமும் இதே வரலாற்றுக்குள்தான் இருக்கிறது. 1981 இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் முழுப் பல்கலைக்கழகமானது. 1990 இல் அந்த வளாகமே அகதி முகாமாக இருந்தது. செப்டம்பர் 5 அன்று அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை.

இப்படியான ஓர் ஊரிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போனால் வீடு மட்டுமல்ல, ஒழுங்கையே சேர்ந்து போகிறது. ஆகவே ஒரு பாடத்தில் தவறும்போது பிள்ளைக்கு அது ஒரு பாடமாகத் தெரிவதில்லை. ஊரையே ஏமாற்றிவிட்டது போலத் தெரிகிறது. அந்த எண்ணம்தான் போனை நிறுத்த வைக்கிறது.

பாடசாலை எழுத்து வேறு, பல்கலைக்கழக எழுத்து வேறு

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண தரத்தில் ஏ, பி, சி, எஸ் என்பவை சித்தி; டபிள்யூ என்றால் சித்தியில்லை. உயர்தரத்தில் ஏ, பி, சி, எஸ் என்பவை சித்தி. எஃப் என்றால் சித்தியில்லை. பல்கலைக்கழகத்தில் எஸ் இல்லை, பெரும்பாலான பீடங்களில் எஃப்பும் இல்லை. அங்கே கடைசி எழுத்து 'ஈ'. அதாவது பல்கலைக்கழகத்து 'ஈ' என்பது உயர்தரத்து 'எஃப்' போன்றது. அந்தத் தாய்க்கான முதல் பதில் இது.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகப் பயன்படும் தரங்களும் அவற்றுக்கான தரப்புள்ளிகளும் இவை:

ஏ பிளஸ், ஏ: 4.00
ஏ மைனஸ்: 3.70
பி பிளஸ்: 3.30
பி: 3.00
பி மைனஸ்: 2.70
சி பிளஸ்: 2.30
சி: 2.00
சி மைனஸ்: 1.70
டி பிளஸ்: 1.30
டி: 1.00
ஈ: 0.00

எத்தனை புள்ளிக்கு எந்த எழுத்து என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பீடத்துக்குப் பீடம் மாறும். ஓரிடத்தில் 40 புள்ளிக்கு 'சி' கிடைக்கும். இன்னோரிடத்தில் 45 வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடாமல், உங்கள் பீடத்தின் மாணவர் கைநூலைப் பாருங்கள்.

வெளிநாட்டு உறவுகளோடு ஒப்பிடுவதிலும் இதே சிக்கல் உண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் 70 புள்ளி எடுத்தாலே முதலாம் வகுப்பு. கனடாவில் பெறுபேற்றில் 'டபிள்யூ' என்று இருந்தால், குறித்த திகதிக்கு முன் அந்தப் பாடத்திலிருந்து மாணவர் விலகிக்கொண்டார் என்று பொருள். பெயில் என்று பொருள் இல்லை. எழுத்து ஒன்றுதான், ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு.

'சி மைனஸ்', 'டி பிளஸ்', 'டி' ஆகியவை நடுவில் நிற்பவை. பல பீடங்களில் இவை முழுத் தோல்வி இல்லை, ஆனால் 2.00 க்குக் கீழே இருப்பதால் சராசரியை இழுத்து விழுத்தும். பட்டம் பெறுவதற்கு இவற்றில் எத்தனை இருக்கலாம் என்று ஓர் எல்லையும் இருக்கும். விரும்பினால் மீண்டும் எழுதி உயர்த்தலாம். 'ஈ' என்றால் கட்டாயம் மீண்டும் எழுத வேண்டும், அல்லது பீடம் அனுமதித்தால் அதற்குப் பதில் வேறொரு பாடம் எடுக்க வேண்டும்.

ஜீபிஏ கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள்

உயர்தர இசட் புள்ளி, நீங்கள் மற்றவர்களோடு ஒப்பிடும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்வது. உங்கள் புள்ளி எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதே அதன் அடிப்படை. அடுத்தவர் கூட எடுத்தால் உங்களுக்குக் குறையும். பல்கலைக்கழக ஜீபிஏ அப்படியானதல்ல. அது உங்களுடைய பாடங்களின் சராசரி மட்டுமே. பட்சில் யார் எவ்வளவு எடுத்தாலும் உங்கள் கணக்கு மாறாது. பள்ளிக்கூடப் போட்டியின் பயத்தை இங்கேயும் தூக்கிக்கொண்டு வரத் தேவையில்லை.

ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் என்று ஒரு நிறை உண்டு. மூன்று வருடப் பட்டத்துக்குப் பொதுவாக 90 கிரெடிட், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. பாடத்தின் தரப்புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரித்தால் ஜீபிஏ.

ஓர் உதாரணம். முதல் செமஸ்டரில் 3 கிரெடிட் வீதம் ஐந்து பாடங்கள். பெறுபேறு: பி, பி மைனஸ், சி பிளஸ், சி, ஈ. தரப்புள்ளிகள் 3.00, 2.70, 2.30, 2.00, 0. கூட்டினால் 10. ஒவ்வொன்றும் 3 கிரெடிட் என்பதால் 30. மொத்தம் 15 கிரெடிட்டால் பிரித்தால் 2.00.

இப்போது 'ஈ' வந்த பாடத்தை மீண்டும் எழுதுகிறீர்கள். பெரும்பாலான பீடங்களில் ரிப்பீட் எழுதுபவருக்கு எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தான் உச்சம். அந்த 'சி' கிடைத்தால் கூட்டல் 36 ஆகும், ஜீபிஏ 2.40 ஆகும்.

மீதி 105 கிரெடிட்டிலும் சராசரியாக 3.20 எடுத்தால் என்ன நடக்கும்? 105 ஐ 3.20 ஆல் பெருக்கினால் 336. அதோடு 36 ஐக் கூட்டினால் 372. 120 ஆல் பிரித்தால் 3.10. இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவுக்குப் பொதுவாகக் கேட்கப்படும் ஜீபிஏ 3.00. மேற்பிரிவுக்கு 3.30, முதலாம் வகுப்புக்கு 3.70, சாதாரண சித்திக்கு 2.00.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். அந்த ஒரு பாடத்தில் 'பி' எடுக்க வேண்டியவர் ரிப்பீட் எழுதி 'சி' எடுத்தால், நான்கு வருட முடிவில் அவருடைய ஜீபிஏயில் குறைவது 0.025 மட்டும். விடுதி அறையில் விடிய விடிய அழுத பாடத்தின் எடை அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. வகுப்புச் சித்திக்கு ஜீபிஏ மட்டும் போதாது. குறித்த வருடங்களுக்குள் முடித்திருக்க வேண்டும், 'ஈ' எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளும் இருக்கும். சில பீடங்களில் முதலாம் வருடப் பாடங்கள் இறுதி ஜீபிஏயில் சேர்வதில்லை. இரண்டையும் கைநூலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பாடத்தை விட மறைத்ததுதான் கூட இழக்க வைக்கும்

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஊடகக் கற்கையில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆய்வு முறைகள் பாடத்தில் எனக்கு 'ஈ' வந்தது. வீட்டில் சொல்லவில்லை. நண்பர்களுக்கும் சொல்லவில்லை. அறிவித்தல் பலகைப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். ரிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் திகதி அந்தப் பலகையில்தான் ஒட்டியிருந்தது. திகதி போய் இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நண்பன் சொல்லித்தான் தெரிந்தது.

பெரும்பாலும் ரிப்பீட் பரீட்சை தனியாக நடப்பதில்லை. அடுத்த பட்ச் அதே பாடத்தை எழுதும்போது சேர்ந்து எழுத வேண்டும். ஒரு தடவை தவறவிட்டால் இன்னுமொரு வருடம். பாடம் தவறியதால் எனக்குப் போனது சில புள்ளிகள். மறைத்ததால் போனது ஒரு வருடம். பட்சில் மற்றவர்கள் பட்டமளிப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் ஒரே ஒரு பாடத்துக்காகக் காத்திருந்தேன்.

தமிழ்நாட்டில் தவறிய பாடத்தை 'அரியர்' என்பார்கள். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் எனக்கு மூன்று அரியர் இருக்கிறது என்று தேநீர்க் கடையில் நின்று சத்தமாகச் சொல்வார்கள், சினிமாவிலும் பகிடியாக வரும். நம்மிடத்தில் 'ரிப்பீட்' என்ற சொல்லையே குரலைத் தாழ்த்தித்தான் சொல்கிறோம். பெருமைப்பட ஒன்றுமில்லை; ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடிகிற பிரச்சினைக்குத்தான் ஆட்கள் உதவிக்கு வருவார்கள்.

முதல் இரண்டு கிழமையில் செய்ய வேண்டியவை

ஒன்று: பெறுபேற்றுத் தாளைத் திரும்ப வாசியுங்கள். 'ஈ' தானா, அல்லது பரீட்சைக்கு வரவில்லை என்ற குறியா, அல்லது தொடர் மதிப்பீட்டுப் புள்ளி சேராமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஒப்படைப் புள்ளி பதியாமல் விடுபட்டிருக்கவும் இடமுண்டு.

இரண்டு: பிழை இருக்கலாம் என்று நினைத்தால் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். கட்டணமும் கடைசித் திகதியும் இருக்கும். பல இடங்களில் இது புள்ளிகளைக் கூட்டியதைச் சரிபார்ப்பது மட்டுமே, விடைத்தாளை மீண்டும் திருத்துவதல்ல. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

மூன்று: ரிப்பீட்டுக்கான பதிவுத் திகதியை பீட அலுவலகத்தில் கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை தடவை எழுதலாம், பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நான்கு: பாடம் எடுத்த விரிவுரையாளரைப் போய்ப் பாருங்கள். புள்ளி போடச் சொல்லிக் கேட்கப் போகவில்லை. "சேர், நான் எந்தப் பகுதியில் பிழைவிட்டேன்?" என்று கேட்கப் போகிறீர்கள். இந்தக் கேள்விக்குக் கோபப்படும் விரிவுரையாளர் அரிது.

ஐந்து: மஹாபொல அல்லது வேறு புலமைப்பரிசில் பெறுபவரானால், தவறிய பாடம் அதைப் பாதிக்குமா என்று மாணவர் நலன்புரிப் பிரிவில் நேரடியாகக் கேளுங்கள். நண்பர்கள் சொல்வதை நம்பிப் பயப்பட வேண்டாம்.

பரீட்சை நேரம் நோய் வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். சும்மா போகாமல் விட்டால் அது ஒரு தடவையாகக் கணக்காகும், அடுத்த முறை 'சி' க்கு மேல் கிடைக்காது. மருத்துவச் சான்றிதழை உரிய நாட்களுக்குள் கொடுத்து பீடம் ஏற்றுக்கொண்டால், அடுத்த தடவையே முதல் தடவையாக எடுக்கப்படும், முழுத் தரமும் கிடைக்கும். பெரும்பாலும் அரச வைத்தியசாலைச் சான்றிதழைத்தான் கேட்பார்கள். வீட்டில் மரணம் நேர்ந்தாலும் உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

ஏன் தவறியது?

தவறியவுடன் "எனக்கு மூளை இல்லை" என்று முடிவெடுப்பது இலகு. பெரும்பாலும் காரணம் வேறு.

விஞ்ஞானம், விவசாயம், மருத்துவம் போன்ற பீடங்களில் கற்பித்தல் ஆங்கிலத்தில். பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் வருடம் பாடமும் புதிது, மொழியும் புதிது. விடை தெரிந்தும் எழுத வராமல் போகிறது. இப்படியானவர்கள் பாடக் குறிப்பை முதலில் தமிழில் விளங்கி, பிறகு பழைய வினாத்தாள்களின் விடைகளை ஆங்கிலத்தில் எழுதிப் பழக வேண்டும். வாசிப்பது மட்டும் போதாது. கை பழக வேண்டும்.

வருகை அடுத்த காரணம். பொதுவாக 80 வீத வருகை இல்லாவிட்டால் பரீட்சைக்கே இருக்க முடியாது. வாகரையிலிருந்து வந்தாறுமூலைக்கு ஒரே பாதைதான், மட்டக்களப்பு–திருகோணமலை ஏ 15 வீதி. ஆனாலும் விடுதி கிடைக்காமல் நாளாந்தம் வந்து போகிறவருக்குக் காலை எட்டு மணி விரிவுரை எப்போதும் தட்டுப்படும். விடுதிக்கான கோரிக்கையில் தூரத்தையும் பஸ் நேரத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, ஒப்படைகளைச் சின்ன விஷயமாக நினைப்பது. ஒரு பாடத்தில் தொடர் மதிப்பீட்டுக்கு 40, இறுதிப் பரீட்சைக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். ஒப்படைகளில் 28 எடுத்தவர் 40 ஐத் தொட இறுதிப் பரீட்சையில் 12 எடுத்தால் போதும். ஒப்படைகளில் 8 எடுத்தவருக்கு 32 வேண்டும். சில பீடங்கள் இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சப் புள்ளி கேட்கும். எப்படியானாலும் பரீட்சை மண்டபத்துக்குப் போகும் முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும்.

சிலருக்குக் காரணம் வீட்டுப் பொருளாதாரம். வார இறுதியில் கடலுக்கோ, வயலுக்கோ, கடைக்கோ போகிற பிள்ளை படிப்பில் பின்தங்குவது சோம்பலால் அல்ல. அதை ஆலோசகரிடம் சொன்னால்தான் உதவிக்கு வழி தேடலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளை ஒரு பாடம் தவறிவிட்டது என்று சொன்னால், அது உங்களை நம்பிச் சொல்கிறது. "உன்னைப் படிப்பிக்க நாங்க பட்ட பாடு" என்று அந்த நேரம் தொடங்காதீர்கள். பட்ட பாடு பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லப் பயந்தது. இரண்டு கேள்விகள் போதும்: "சாப்பிட்டியா மனே?" பிறகு, "திரும்ப எழுத எப்ப திகதி?"

அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். உறவினர்களுக்கு அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அது பிள்ளை சொல்ல வேண்டிய செய்தி.

நித்திரை இல்லாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் நாட்கள் போனால், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்பது போன்ற பேச்சு வந்தால், அதைப் பரீட்சைக் கவலை என்று தள்ளிவிட வேண்டாம். தனியே விடாமல் கூட இருங்கள். பல்கலைக்கழக மாணவர் ஆலோசகரிடமோ அருகிலுள்ள அரச வைத்தியசாலையிலோ பேசலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். போரையும் முகாமையும் கண்ட குடும்பங்களில் பழைய துயரம் இப்படியான நேரத்தில் கிளம்பும். உதவி கேட்பது வெட்கமில்லை.

விலகுவதற்கு முன்

ஒன்றிரண்டு பாடங்கள் தவறியவுடன் படிப்பை விட்டுவிட்டு மத்திய கிழக்குக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் முடிவை எடுக்க வேண்டாம். சிறப்புப் பட்டம் கடினமானால் பொதுப் பட்டத்துக்கு மாறலாம். உடல்நலமோ வீட்டு நிலையோ இடம்கொடுக்காவிட்டால், தகுந்த காரணம் காட்டிப் படிப்பை ஒத்திவைக்க அனுமதி கேட்கலாம். பதிவை இரத்துச் செய்துவிட்டால் திரும்ப உள்ளே வருவது இலகுவல்ல. ஆகவே கையெழுத்து வைக்கும் முன் பதிவாளர் அலுவலகத்தில் எல்லாவற்றையும் கேளுங்கள்.

உண்மையாகவே அந்தத் துறை பொருந்தவில்லை என்றால் அதுவும் உலகமுடிவு அல்ல. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் உண்டு. உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனமும் தொழிற்பயிற்சி நெறிகளும் உண்டு. ஆனால் அது யோசித்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும், வெட்கத்தில் ஓடும் ஓட்டமாக வேண்டாம்.

அன்று பஸ்ஸில் அந்தத் தாயிடம் 'ஈ' என்றால் சித்தியில்லை என்று சொன்னேன். முகம் வாடியது. திரும்ப எழுதலாம், எழுதினால் சரி என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இதுக்கா போனை நிப்பாட்டினவ?" என்று கேட்டுவிட்டுத் தானே மீண்டும் இலக்கத்தை அழுத்தினார். மூன்றாம் தடவை மணி போனது. மறுபக்கம் எடுத்ததும் அவர் முதலில் கேட்டது பாடத்தைப் பற்றி அல்ல.

"சாப்பிட்டியா மகள்?"